பிரேமானந்தா வழக்கு: அந்தப் பெண்கள் சொன்ன சாட்சி

இலங்கையிலிருந்து 1980களில் தமிழகம் வந்த பிரேமானந்தா, திருச்சி பாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்தார். அங்கே வளர்ந்தவர்களில் பலர் ஆதரவற்ற சிறுமிகள். சோறு போடுபவரே குற்றவாளி என்றால், யாரிடம் போய்ச் சொல்வது? 1994ல் விஷயம் வெளியே வந்து அவர் கைதானார்.

பிரபல வக்கீல் ராம் ஜெத்மலானியே அவருக்காக வாதாடினார். ஆனால் கலைக்கப்பட்ட ஒரு கருவை ஐதராபாத்தில் டிஎன்ஏ சோதனை செய்தபோது, தந்தை பிரேமானந்தாதான் என்று தெரிந்தது. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது, ஒரு இளைஞரைக் கொன்றது ஆகிய குற்றங்களுக்காக 1997ல் புதுக்கோட்டை நீதிபதி பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 2005ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2011ல் அவர் கைதியாகவே இறந்தார்.

நண்பர்களே, போக்சோ சட்டம் வந்ததே 2012ல்தான். அதற்கு முன்பே, நாதியற்ற அந்தப் பெண்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். குழந்தை வாய் திறந்தால், முதலில் நம்புவோம்.