எல்லை கடக்கும் வீடும் எல்லையில் சுருங்கும் காப்பீடும்

திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடையே ஓய்வெடுக்கும் வாகனத்தைத் தமிழ்நாட்டில் 'கேரவன்' என்கிறோம். ஐரோப்பாவில் அதைப் போன்றதொரு வாகனம் நடுத்தரக் குடும்பங்களின் உடைமையாக இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகியவை அமைந்த அந்த வண்டிக்கு 'மோட்டார்ஹோம்' என்று பெயர். பணி ஓய்வு பெற்ற பிரிட்டிஷ் தம்பதியர் பலர் குளிர்காலம் தொடங்கியதும் அதில் ஏறி, பிரான்ஸைக் கடந்து, ஸ்பெயினின் தென்கடற்கரையில் வாரக்கணக்கில் தங்குவது வழக்கம். அங்கே குடியேறிய நம்மவர்களும், பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் இப்போது இத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்து நாடு நாடாகச் சுற்றி வருகிறார்கள்.

டோவர் துறைமுகத்தில் கப்பலேறி, பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கும் வரை, அதிகாரிகள் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். வண்டியின் காப்பீட்டுச் சான்றை வழக்கமாக எவரும் கேட்பதில்லை. பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, மகள் குடும்பத்துடன் அவ்வாறு சென்றபோது மிகவும் வியப்பளித்தது இதுதான். ஒரு நாட்டில் விற்கப்பட்ட காப்பீட்டை இன்னொரு நாடு பார்க்காமலேயே ஏற்றுக்கொள்கிறது என்றால், அதன் பின்னால் வலுவான ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும்.

அந்த ஏற்பாட்டின் பெயர் 'பச்சை அட்டை' முறை. அமெரிக்கக் குடியுரிமை தொடர்பான அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1949-இல், ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. 1953 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பணியகத்தை அமைத்துள்ளன. பிரிட்டிஷ் வண்டி ஒன்று பிரான்ஸில் ஒருவரை மோதினால், பாதிக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர் லண்டனுக்கு அலைய வேண்டியதில்லை. தன் நாட்டுப் பணியகத்தின் வழியாக, தன் நாட்டுச் சட்டப்படி இழப்பீடு பெறுவார். அத்தொகையைப் பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனம் ஈடுசெய்யும். அது தவறினால் பிரிட்டிஷ் பணியகம் பொறுப்பேற்கும். 1972-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறப்பித்த முதல் வாகனக் காப்பீட்டு உத்தரவு, உறுப்பு நாடுகளுக்கு இடையே அந்த அட்டையைச் சோதிக்கும் வழக்கத்தையும் நீக்கியது. அதன் பிறகு வண்டியின் எண் தகடே காப்பீட்டுச் சான்றாகக் கருதப்படுகிறது.

இவ்வளவு சிறப்பான ஏற்பாடு யாரைக் காக்கிறது? வெளிநாட்டு வண்டியால் பாதிக்கப்படக்கூடிய, நமக்கு முகம் தெரியாத மனிதரைக் காக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரரைக் காப்பது அதன் நோக்கமே இல்லை. பயணம் செய்வோர் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள குறைந்தபட்ச மூன்றாம் நபர் பாதுகாப்பு, உடல் காயங்களுக்கு விபத்து ஒன்றுக்கு 64.5 லட்சம் யூரோ அல்லது காயமடைந்தவர் ஒருவருக்கு 13 லட்சம் யூரோ. உடைமைச் சேதத்துக்கு 13 லட்சம் யூரோ. பிரிட்டனில் உடல் காயத்துக்கு வரம்பே கிடையாது. உடைமைக்கு 12 லட்சம் பவுண்டு. இந்தப் பாதுகாப்பு, பாலிசிக் காலம் முழுவதும் எல்லை தாண்டி வண்டியுடன் செல்கிறது. ஆனால் தீ, திருட்டு, சொந்த வண்டியின் சேதம் ஆகியவற்றுக்காக நாம் கூடுதல் பிரீமியம் செலுத்தி வாங்கிய முழுக் காப்பீடு அவ்வாறு செல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். சில பாலிசிகளில் எல்லையைத் தாண்டியதும் அது சட்டப்படியான குறைந்தபட்ச அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வேறு சிலவற்றில் ஒரு பயணத்துக்கு 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வரம்பு உண்டு.

என் மருமகனின் அலுவலக நண்பர் ஒருவர் திருநெல்வேலிக்காரர். இங்கிலாந்தில் குடியுரிமை பெற்றவர். சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு மோட்டார்ஹோம் வாங்கியிருந்தார். பிரான்ஸின் போர்தோ நகருக்கு அருகே ஒரு மழை நாளில் அவருடைய வண்டி சறுக்கி, நின்றிருந்த ஒரு காரை இடித்துவிட்டு மரத்தில் மோதியது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. பயணத்தின் 71-ஆவது நாள் அது. பாலிசியில் முழுக் காப்பீட்டுக்கான வரம்போ 60 நாள். பிரெஞ்சுக்காரரின் காருக்கு உரிய இழப்பீடு ஒரு சிக்கலுமின்றி வழங்கப்பட்டது. மரத்தில் மோதி நொறுங்கிய சொந்த வண்டிக்கு ஒரு பவுண்டும் வரவில்லை. அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் செலவும் அவர் தலையில் விழுந்தது. நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று அவர் குமுறினார். பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். வரம்பு தெளிவாகத்தான் எழுதப்பட்டிருந்தது, ஆனால் 34-ஆம் பக்கத்தில். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த சொல் 'ஐரோப்பா முழுவதும்' என்பதே. விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததுமான செய்தி சந்தையை எப்படிக் கோணலாக்குகிறது என்று வகுப்பில் நான் சொல்லிவந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மோட்டார்ஹோம் ஒரே நேரத்தில் வண்டியாகவும் வீடாகவும் இருப்பதால் வேறு சில சிக்கல்களும் உண்டு. முதலாவது எடை. சாதாரணக் கார் உரிமம் 3.5 டன் வரைதான் செல்லும். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் உரிமம் பெற்றவர்களுக்கு 7.5 டன் வரை ஓட்டும் பிரிவும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் 70 வயதானதும் மருத்துவச் சான்று அளித்துப் புதுப்பித்தால்தான் அந்தப் பிரிவு நீடிக்கும். ஓய்வூதியர்கள் விரும்பும் பெரிய வண்டிகளோ பெரும்பாலும் 3.5 டன்னைத் தாண்டியவை. இன்னொன்று, 3.5 டன் என்பது தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை, மிதிவண்டிகள், பயணிகள் எல்லாவற்றையும் சேர்த்த எடை. நம் குடும்பங்கள் அரிசி மூட்டையும் குக்கரும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது இதை நினைப்பதில்லை. உரிமத்துக்குப் பொருந்தாத எடையுடன் விபத்து நேர்ந்தால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்க அதுவே போதும்.

இரண்டாவது மதிப்பு. சரக்கு வேனை வாங்கி உள்ளே மரவேலை செய்து வீடாக்குவோர் பெருகியுள்ளனர். பதிவுச் சான்றில் அது இன்னும் 'வேன்' என்றே இருந்தால், செலவழித்த உழைப்புக்கும் பொருளுக்கும் காப்பீடு இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். வாடகை வண்டிகளில் வேறொரு பொறி இருக்கிறது. கூரையிலும் அடிப்பகுதியிலும் ஏற்படும் சேதங்களைப் பல வாடகை ஒப்பந்தங்கள் காப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகின்றன. மூன்று மீட்டர் உயர வண்டியை, கார் ஓட்டிப் பழகியவர் தாழ்ந்த பாலத்தின் கீழோ வாகன நிறுத்தத் தடுப்பின் கீழோ கொண்டுபோய் இடிப்பதுதான் மிக எளிதில் நேரக்கூடியது. வண்டியில் வைத்திருக்கும் மடிக்கணினி, நகை போன்றவற்றுக்கும் தாழ்வான வரம்பே இருக்கும். சாதாரணக் காருக்கான பழுதுதவித் திட்டங்கள் பலவற்றில் நீள, எடை வரம்புகள் இருப்பதால், நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட மோட்டார்ஹோமை அவை இழுத்துச்செல்ல மாட்டா.

இனி ஆவணங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின், 2021-இன் முதல் ஏழு மாதங்கள் பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பச்சை அட்டை மீண்டும் தேவைப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 முதல் அந்தத் தேவை நீங்கியது. துருக்கி, மொராக்கோ, அல்பேனியா, வடமாசிடோனியா போன்ற நாடுகளுக்கு இன்றும் அது வேண்டும். நம் ஆர்.சி. புத்தகத்துக்கு நிகரான 'வி5சி' பதிவுச் சான்றின் அசல் கையில் இருக்கவேண்டும். வாடகை வண்டியானால் அதற்குப் பதிலாக 'விஇ103' என்ற சான்று. வண்டியின் பின்புறம் 'ஜிபி' என்ற பழைய அடையாள எழுத்துகள் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. 'யுகே' என்றிருக்க வேண்டும். பிரெஞ்சு நகரங்கள் பலவற்றில் புகைமாசு வகையைக் காட்டும் வில்லை தேவை. வண்டியிலேயே சமையலறை இருப்பதால் மறந்துவிடக்கூடிய ஒன்று: பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால், தயிர், நெய் ஆகியவற்றைப் பயணிகள் ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை உண்டு. தயிர்சாதம் கட்டிச் செல்வோர் கவனிக்கவும்!

பிரிட்டிஷ் குடிமக்கள் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள்களே தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணுப் பதிவு முறையில் இந்த நாள்கணக்கைக் கணினி வைத்துக்கொள்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பிரிட்டனில் வசித்தாலும் ஷெங்கன் விசா பெற்றாக வேண்டும். ஆகவே, காப்பீட்டின் நாள் வரம்பு, விசாவின் நாள் வரம்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே பயணத்தின் உண்மையான நீளம்.

இந்திய ஓட்டுநர் உரிமம் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அதை வைத்து பிரிட்டனில் 12 மாதம் வரை 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியை ஓட்டலாம். அங்கேயே குடியிருப்பவர் அதன்பின் தேர்வெழுதி பிரிட்டிஷ் உரிமம் பெறவேண்டும்; இந்திய உரிமத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. கண்டத்துக்குள் ஓட்ட, சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்வது நல்லது. அதை நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புறப்படும் முன்பே, படிவம் 4ஏ அளித்து, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். ஓராண்டு செல்லும். உரிமம் வழங்கிய நாடுதான் இந்த அனுமதியை வழங்க முடியும் என்பதால், லண்டனில் இறங்கியபின் அங்கே வாங்கிக்கொள்ள இயலாது. இது அசல் உரிமத்துடன் சேர்ந்தே செல்லும், தனித்துச் செல்லாது. எல்லாம் இருந்தாலும், காப்பீட்டுப் பத்திரத்தில் ஓட்டுநராகப் பெயர் இல்லாதவர், 'கொஞ்ச நேரம் நான் ஓட்டுகிறேனே' என்று சக்கரத்தைப் பிடிக்கக்கூடாது. பல நிறுவனங்கள் வயது வரம்பும் வைத்திருக்கின்றன.

விபத்து நேர்ந்தால் ஐரோப்பா முழுவதும் பயன்படும் ஒரு பொதுப் படிவம் உண்டு. இரு தரப்பும் அங்கேயே நிரப்பிக் கையொப்பமிடுவது அது. எந்த மொழியில் அச்சிட்டாலும் கட்டங்களின் வரிசையும் எண்களும் ஒன்றே. எனவே நமக்குத் தெரிந்த மொழிப் படி ஒன்றை வண்டியில் வைத்திருந்தால், எதிரிலிருப்பவரின் பிரெஞ்சுப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் கையொப்பமிடலாம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நம் பக்கத்தையும் பார்த்தேன். இந்திய வாகனக் காப்பீடு இந்திய எல்லையோடு நின்றுவிடுகிறது. கூடுதல் பிரீமியம் செலுத்தினால் நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய ஆறு நாடுகளுக்கு விரிவுபடுத்தலாம் என்று நம் மோட்டார் காப்பீட்டு விதிகளில் இருக்கிறது. கடல், வான் வழியே வண்டியை ஏற்றிச்செல்லும் நேரம் மட்டும் அதில் அடங்காது. இப்படியொரு விரிவாக்கம் உண்டு என்பதே கார் வைத்திருப்போர் பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியே இந்தியா வரும் மோட்டார்ஹோம்களை மாமல்லபுரத்தில் அவ்வப்போது பார்க்கலாம். இந்தியா பச்சை அட்டை முறையில் இல்லாததால் அவர்களுடைய காப்பீடு இங்கே செல்லாது. தனியாக இந்தியக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வண்டியை இங்கே விற்றுவிட மாட்டோம் என்பதற்கு உத்தரவாதமான 'கார்னெட்' என்ற சுங்க ஆவணத்தையும் தம் நாட்டு மோட்டார் சங்கத்தில் பிணைத்தொகை கட்டிப் பெற்றுவர வேண்டும்.

வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் மோட்டார் வாகன உடன்படிக்கை ஒன்றில் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையொப்பமிட்டன. மறு ஆண்டே பூடான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை ஏற்க மறுத்தது. நேபாள எல்லையில் இன்றும் நம் கார்கள் வரிசையில் நின்று, தங்கும் நாள்களுக்குக் கட்டணம் செலுத்தித்தான் உள்ளே நுழைகின்றன. போருக்குப் பின் நான்கே ஆண்டுகளில் ஐரோப்பா எழுதத் தொடங்கிய அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூட நாம் இன்னும் திறக்கவில்லை.