தாய்ப்பலகை மாற்றத்தின் வரலாறு: வீட்டு லினக்சு வழங்கியை முன்வைத்து

கணினிக் கடைகளில் மதர்போர்டு என்றும், இன்னும் சுருக்கி போர்டு என்றும் சொல்லப்படுவதே தாய்ப்பலகை. செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி எல்லாம் வந்து இணையும் இடம் இது. பழைய மேசைக் கணினியில் லினக்சை நிறுவி, குடும்பப் படங்களையும் பாடக் கோப்புகளையும் வைத்திருக்கும் வழங்கியாக இரவும் பகலும் ஓடவிடுவோர் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் உண்டு. அந்தக் கணினியில் பலகை பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதுமா, குறைந்த செலவில் எதை வாங்கலாம் என்ற கேள்விகள் எழும். இவற்றுக்கு விடை தேட நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

பொது அளவு உருவான கதை

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகத்து 12 அன்று தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. செயலி இன்டெல்லின் 8088. பெரும்பாலான உறுப்புகள் வெளியில் வாங்கப்பட்டவை. மின்சுற்று விவரங்களும் நூலாகவே வெளியிடப்பட்டன. பதிப்புரிமையால் காக்கப்பட்டிருந்த முக்கியப் பகுதி, கணினியை எழுப்பும் பயாஸ் நிரல். அந்த நிரலைப் பார்க்காமலேயே அதே வேலையைச் செய்யும் நிரலை காம்பேக் 1982இல் எழுதிக்கொண்டது. பீனிக்சு நிறுவனம் 1984இல் அத்தகைய பயாசைப் பிறருக்கும் விற்கத் தொடங்கியது. அதன்பின் பலகை செய்வது யாரும் இறங்கக்கூடிய தொழிலாயிற்று.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் பலகை அளவைப் பிறர் அப்படியே பின்பற்றினர். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. மின்வழங்கியிலிருந்து இரண்டு தனித்தனி இணைப்பிகள் பலகைக்கு வரும். இடம் மாற்றிச் செருகினால் பலகை கருகிவிடும். கறுப்புக் கம்பிகள் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அக்காலப் பழுதுபார்ப்போரின் முதல் பாடம். இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஒரே இணைப்பி, ஒரே திசையில்தான் நுழையும். திருகுத் துளைகளின் இடமும் பின்புறச் சாளரத்தின் அளவும் வரையறுக்கப்பட்டன. 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையும், 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் பலகையும் அதே துளைகளில் சிலவற்றைப் பயன்படுத்துகின்றன. இருபது ஆண்டுப் பழைய பெட்டிக்குள் இன்றைய பலகை ஒன்று பொருந்துவது இதனால்தான்.

மடிக்கணினிக்கு இப்படியொரு பொதுத் தரம் அமையவில்லை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இலட்சக்கணக்கான மாணவர்கள் கணினி பெற்றார்கள். பாஸ் லினக்சு என்ற பெயரைப் பலர் முதன்முதலில் பார்த்ததும் அதில்தான். ஆனால் அதன் பலகை அந்த மாதிரிக்கென்றே வெட்டப்பட்டது. பழுதானால் அதே மாதிரிப் பலகைதான் வேண்டும், கிடைக்காவிட்டால் முழுக் கணினியும் மூலைக்குப் போகும். மேசைக் கணினிக்கு அந்தக் கதி இல்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சந்தையும் லினக்சும் நம் ஊருக்கு வந்த வழி

தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வணிக உடன்பாட்டில் இந்தியா 1997இல் சேர்ந்தது. கணினி உறுப்புகள் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005 வாக்கில் நீங்கியது. வானொலி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த சென்னை ரிச்சி தெரு கணினிச் சந்தையாக வளர்ந்தது. தருமபுரி மாவட்டத்தாருக்குச் சென்னையைவிடப் பெங்களூரு அருகில் இருப்பதால், அங்குள்ள எஸ்.பி. சாலைக் கடைகளும் கைக்கெட்டும் தொலைவே.

சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்சு 2007இல் வெளிவந்தது. அதே காலத்தில் சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் சூசே லினக்சுக்கு மாறியது. 2014 ஏப்ரலில் விண்டோசு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்சை நிறுவிக்கொள்ளலாம் என்ற அறிவுறுத்தல் வந்தது. எத்தனை அலுவலகங்கள் உண்மையில் மாறின என்பது வேறு கதை.

வீங்கிய மின்தேக்கிகள்

பழைய பலகை வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட பல பலகைகளில் அலுமினிய மின்தேக்கிகள் உரிய காலத்துக்கு முன்பே கெட்டுப்போயின. உள்ளிருந்த மின்பகு நீர்மத்தின் கலவை சரியில்லாததால் வாயு உண்டாகி, மேல்மூடி உப்பி, பழுப்பு நீர் கசிந்தது. டெல் நிறுவனம் மட்டுமே இதற்காக 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பின்னர் திண்ம பாலிமர் மின்தேக்கிகள் பரவலாயின. செயலியைச் சுற்றியுள்ள சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும்.

பலகையோடு வேறென்ன மாறும்

பெட்டி பொருந்தினாலும் செயலி பொருந்தாது என்பதே பெரும் செலவுக்குக் காரணம். இன்டெல் 2004இல் எல்ஜிஏ 775 செருகுவாயையும், 2009இல் 1156ஐயும், 2011இல் 1155ஐயும், 2013இல் 1150ஐயும், 2015இல் 1151ஐயும் கொண்டுவந்தது. ஒன்றின் செயலி மற்றொன்றில் அமராது. நினைவகமும் டிடிஆர்3இலிருந்து டிடிஆர்4க்குப் போனபோது 240 முனைகள் 288 ஆயின. எனவே பழைய செயலியும் நினைவகமும் நன்றாக இருந்தால், அதே செருகுவாய் உள்ள பலகையைத் தேடுவதே சிக்கனம். ஏஎம்டியின் ஏஎம்4 செருகுவாய் 2016 முதல் பல தலைமுறைச் செயலிகளைத் தாங்கியது. புதிதாகத் தொடங்குவோருக்கு அது நல்ல தெரிவு.

2011இல் வந்த எச்61 சில்லுத்தொகுதியில் அமைந்த பலகைகள், இன்டெல் அதைக் கைவிட்ட பின்னும் இந்தியச் சந்தையில் புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. 1155 செயலி வைத்திருப்போருக்கு இது வரம். அதில் நினைவகம் 16 ஜிபி வரை. வன்தட்டு வாயில்கள் பழைய வேகத்தவை, நொடிக்குச் சுமார் 300 எம்பி. ஆனால் சுழலும் வன்தட்டு அந்த வேகத்தையே எட்டாது என்பதால் குறையில்லை. பார்க்க வேண்டியது வலையமைப்பு வாயில். மலிவான எச்61 பலகைகள் பலவற்றில் அது 100 மெகாபிட் மட்டுமே, அதாவது நொடிக்கு 12 எம்பி. கோப்பு வழங்கிக்கு இது ஆமை வேகம். கிகாபிட் வாயில் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அது ரியல்டெக் சில்லாக இருக்கும். லினக்சில் அதற்கான இயக்கி உண்டு.

இயங்குதளமும் வரம்பு வைக்கிறது. லினக்சு 1991இல் இன்டெல் 386 செயலி மீதுதான் பிறந்தது. 2013இல் வந்த 3.8 பதிப்பில் 386க்கான ஆதரவே நீக்கப்பட்டது. ரெட் ஹாட்டின் 10ஆம் பதிப்பு, 2013இல் வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள செயலியைக் கேட்கிறது. 1155 செயலிகளில் அவை இல்லை. டெபியன் அப்படிக் கேட்பதில்லை. பழைய பலகைக்காரர்கள் டெபியனோடு நிற்பது நல்லது.

வட்டை மாற்றிப் பொருத்தும்போது

லினக்சின் கருனி தன் இயக்கிகளைக் கூடவே சுமந்து வருவதால், பழைய வட்டைப் புதிய பலகையில் செருகினால் பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும். உரிமச் சிக்கல் எதுவும் இல்லை. தடுமாறுவது மூன்று இடங்களில். வலையமைப்பு அட்டையின் பெயர் பலகையில் அது இருக்கும் இடத்தைப் பொறுத்து அமைவதால், பெயர் மாறி இணைப்பு கிடைக்காமல் போகும். திரையை ஒருமுறை இணைத்துப் பெயரைத் திருத்தினால் சரியாகும். யூஇஎஃப்ஐ முறையில் தொடக்கப் பதிவு பலகையின் நினைவில் இருப்பதால் அதை மீண்டும் எழுத வேண்டும். மூன்றாவது, வட்டுகளை இணைக்கும் ரெய்டு அமைப்பு. லினக்சின் சொந்த ரெய்டு தன் குறிப்பை வட்டுகளிலேயே எழுதுகிறது, எந்தப் பலகையிலும் எழும். பலகையின் அமைப்புத் திரையில் உருவாக்கிய ரெய்டு வேறு பலகையில் எழாமல் போகலாம்; படங்கள் அதில் இருந்தால் அவையும் போகும். எதுவானாலும் நகலெடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு

50 வாட் எடுக்கும் வழங்கி இரண்டு மாதத்தில் 72 யூனிட் தின்னும். 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதுவே. செயலியின் வாட் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2008இல் வந்த இன்டெல் ஆட்டம் 230 செயலி 4 வாட்தான். அதனுடன் இணைந்த 945ஜிசி சில்லு 22 வாட். அந்தப் பலகையில் விசிறி செயலிக்கு இல்லை, சில்லுக்கு இருந்தது.

2012இல் நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு இருந்ததை வட மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி பலகையின் அமைப்புத் திரையில் ஒரு தெரிவு உண்டு. வழங்கிக்கு அது கட்டாயம். பல பழைய பலகைகளில் இந்தத் தெரிவைக் காப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட மின்கலம். அது தீர்ந்திருந்தால், நீண்ட மின்வெட்டுக்குப் பின் தெரிவும் அழிந்து, நேரமும் பின்னுக்குப் போய், வழங்கி எழாமல் கிடக்கும். பழைய பலகை வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டியது அந்த மின்கலத்தைத்தான்.