சூரை மீன் பங்கீடு - ஒரு வரலாற்றுப் பார்வை

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லை ஒட்டி இருக்கும் ஊர் இடையஞ்சாவடி. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தக் கரையில் மீன்பிடிக் கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. இன்னொன்று, சுருக்குமடி வலைப் பிரச்சினை.

ஆனால் இதே கடலில் ஓடும் சூரை மீனுக்கு மூன்றாவதாக ஒரு கட்டுப்பாடு உண்டு. அது நாளையும் வலையையும் பார்ப்பதோடு நிற்பதில்லை, டன்னை எண்ணுகிறது. அதை முடிவு செய்வது சென்னையும் அல்ல, டெல்லியும் அல்ல! செஷல்ஸ் தீவில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். அந்தக் கணக்கு எப்படி வந்தது, இந்தியா அதற்கு ஏன் மறுப்பு சொன்னது என்று பார்ப்போம்.

சூரை ஒரு நாடோடி மீன். இன்று ஒரு நாட்டின் 200 கடல் மைலுக்குள் இருக்கும், சில வாரத்தில் இன்னொரு நாட்டின் எல்லையில் இருக்கும். ஒரு நாடு மட்டும் கட்டுப்பாடு வைத்தால், விட்ட மீனை அடுத்த நாட்டுக் கப்பல் பிடித்துக்கொள்ளும். ஆகவே எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் உண்டு.

இந்தியப் பெருங்கடலில் பெரிய அளவில் சூரை பிடிக்க முதலில் வந்தவர்கள் ஜப்பானியர்கள். 1950களின் தொடக்கத்தில் ஆயிரங்கால் தூண்டிலோடு வந்தார்கள். பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில்கள் தொங்கும் முறை அது. 1980களில் பிரான்ஸ், ஸ்பெயின் கப்பல்கள் அட்லாண்டிக்கிலிருந்து இங்கே இடம் மாறின. அவை கொண்டு வந்தது என்ன தெரியுமா? சுருக்குமடிதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் மீனவ ஊர்களே தங்களுக்குள் மோதிக்கொண்ட அதே வகை வலை. தமிழ்நாடு 2000இல் தடை செய்து, 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்த வலை. ஆனால் ஐரோப்பியக் கப்பல் கடலிலேயே மீனை உறைய வைக்கும் மிதக்கும் தொழிற்சாலை. நம் ஊர்ப் படகை அதன் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை போலத் தெரியும்.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பின் கீழ் 1993இல் ஒப்பந்தம் உருவாகி, 1996இல் ஆணையம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் உறுப்பினர். ஆனால் டன் கணக்கில் வரம்பு வைக்க ஆணையத்துக்கு இருபது ஆண்டுகள் ஆயின. 2015இல் வந்த மதிப்பீடு, மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்றது. அடுத்த ஆண்டே மீட்புத் திட்டம் வந்தது. 2014இல் பிடித்த அளவை அடிப்படையாக வைத்து, சுருக்குமடிக்கு 15 சதவீதம், செவுள்வலைக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் 10 சதவீதம், மற்ற முறைகளுக்கு 5 சதவீதம் குறைக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட டன்னுக்கு மேல் பிடித்த நாடுகளுக்கு மட்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் "2014" என்ற அந்த எண்ணில் இருக்கிறது!

அடிப்படை ஆண்டில் நிறையப் பிடித்தவனுக்கு, குறைத்த பிறகும் நிறையவே மிஞ்சும். அப்போது பெரிய படகு இல்லாதவனுக்கு, இனி எப்போதும் இல்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒரு ஏழை நாட்டின் எல்லைக்குள் அனுமதிக் கட்டணம் கட்டிப் பிடித்த மீன் யார் கணக்கில் சேரும்? கொடி பறந்த நாட்டின் கணக்கிலா, கடலுக்குச் சொந்தமான நாட்டின் கணக்கிலா? இந்தியப் பெருங்கடலின் கரையோர நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது.

இந்தியாவின் நிலையை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 2017இல் பாக் நீரிணை மீனவர்களை இழுவை மடியிலிருந்து மாற்ற, 80 லட்சம் ரூபாய் மதிப்பில் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம், மீதி வங்கிக் கடன். ஒரு பக்கம் "ஆழ்கடலுக்குப் போ, சூரை பிடி" என்று அரசே கடன் வாங்கித் தருகிறது. இன்னொரு பக்கம் "இதற்கு மேல் பிடிக்காதே" என்று ஆணையம் சொல்கிறது. மீனவன் எதைக் கேட்பான்?

ஆணையத்தின் விதிப்படி, ஒரு தீர்மானம் பிடிக்காவிட்டால் 120 நாளுக்குள் மறுப்பு தெரிவிக்கலாம். தெரிவித்த நாட்டை அது கட்டுப்படுத்தாது. 2019 தீர்மானத்துக்கு இந்தியா மறுத்தது. 2021 தீர்மானத்துக்கு இந்தியாவோடு இந்தோனேசியா, ஓமான் போன்ற நாடுகளும் மறுத்தன. வாதத்தில் நியாயம் உண்டு, ஆனால் பலன்? ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி விலகினால் மீன் யாருக்காகக் காத்திருக்கும்? மீட்புத் திட்டம் வந்த பிறகும் மொத்தப் பிடிப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைவிட வேடிக்கை வரிச்சூரையின் கதை. (மாசிக் கருவாடு இதில்தான் செய்வார்கள்.) 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,70,029 டன் என்று கடைசி டன் வரை துல்லியமாக வரம்பு வைத்தார்கள். முதல் ஆண்டே பிடிப்பு 6 லட்சம் டன்னைத் தாண்டியது! காரணம், மொத்தத்துக்கு வரம்பு உண்டு, எந்த நாட்டுக்கு எவ்வளவு என்ற பங்கு இல்லை. பந்தியில் சோறு அளவாக இருக்கிறது என்று அறிவித்துவிட்டு, யாருக்கு எத்தனை கரண்டி என்று சொல்லாமல் விட்டது போல. பிறகு 2023இல் பெருங்கண் சூரைக்கு ஆண்டுக்கு 80,583 டன் என வரம்பு வைத்தபோது, அதிகம் பிடிக்கும் நாடுகளுக்குத் தனித்தனி அளவையும் எழுதிவிட்டார்கள்.

எண்ணுவதிலும் சங்கடம் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல் சில துறைமுகங்களில் மட்டும் மீன் இறக்கும், எடை போடலாம். தமிழகக் கரையில் ஊருக்கு ஊர் படகுகள் மணலிலேயே ஏறுகின்றன, அங்கேயே ஏலம் முடிந்துவிடுகிறது. மாதிரிக் கணக்கெடுப்பை வைத்துத்தான் மொத்தத்தை மதிப்பிட முடியும். நாளை நிறுத்துவது எளிது, டன்னை நிறுத்துவது கடினம். 61 நாள் தடை இங்கே ஓரளவு வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2024இல் வந்த புதிய மதிப்பீடு, மஞ்சள் துடுப்புச் சூரை இப்போது அபாய நிலையில் இல்லை என்றது. நாடுகள் மூச்சுவிட்டன. ஆனால் பங்கீட்டுக்கான அளவுகோலை வகுக்கவென்றே அமைத்த குழு 2011இல் முதல்முறை கூடியது. இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.