வாத்து வேட்டையும் பழைய துப்பாக்கிகளும்: ஈய ரவையிலிருந்து பிஸ்மத் ரவை வரை

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைப் பயன்படுத்துவது 1991-ஆம் ஆண்டு வேட்டைப் பருவத்தில் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. வாத்துகளைக் காப்பதற்காக வந்த இத்தடை, பாட்டன் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கிகளையும் வேட்டைக்களத்திலிருந்து விலக்கியது. ஒரு பழைய ஷாட்கன் எந்தத் தோட்டாவைத் தாங்கும் என்ற கேள்வி அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே எழுந்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஷாட்கன்னின் வெடிமருந்து கரிமருந்துதான். இரும்பும் எஃகும் கலந்த பட்டைகளை முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுருளாகச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்துக் குழல் செய்தனர். இவை டமாஸ்கஸ் குழல்கள் எனப்பட்டன. பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் இவற்றைப் பெருமளவில் செய்து ஏற்றுமதி செய்தது. மேற்பரப்பில் தெரியும் அலையலையான கோலத்துக்காகவே இன்றும் இவற்றைச் சேகரிப்போர் உண்டு. ஆனால் அந்தக் கோலம் ஒவ்வொன்றும் ஓர் ஒட்டு. கரிமருந்தின் புகைக்கரி ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. சுடும் ஒவ்வொரு முறையும் துடைக்காமல் விட்டால் குழலின் உட்புறம் துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் குழலின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

முதல் நெருக்கடி புகையில்லா மருந்தால் வந்தது. 1860-களில் பிரஷ்ய அதிகாரி ஷூல்ட்சே மரத்தூளிலிருந்து செய்த மருந்து பரும மருந்து வகையைச் சேர்ந்தது. அதைக் கரிமருந்து அளக்கும் அதே அளவுக் குவளையால் அளந்து போடலாம். பின்னர் வந்த பாலிஸ்டைட் போன்ற அடர் மருந்துகள் அப்படியல்ல. கரிமருந்து மூன்று டிராம், அதாவது சுமார் 5.3 கிராம், செய்யும் வேலையை இவற்றில் ஒன்றரை கிராமை ஒட்டிய அளவே செய்துவிடும். பழைய குவளையில் புதிய மருந்தை நிரப்பியவர்களின் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. டமாஸ்கஸ் குழலுக்கு ஏற்பட்ட கெட்ட பெயரில் ஒரு பங்கு இந்த அளவுக் குழப்பத்துக்கும் உரியது.

அடுத்து 1920-களில் ஜான் ஓலினின் நிறுவனம் சூப்பர்-எக்ஸ் தோட்டாவைக் கொண்டுவந்தது. மெல்ல எரியும் மருந்தால் கூடுதல் எடையுள்ள ரவையைக் கூடுதல் வேகத்தில் அனுப்ப முடிந்தது. அதற்கேற்பக் கனமான துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. டென்னசி எழுத்தாளர் நாஷ் பக்கிங்ஹாமின் ‘போ-வூப்’ அவற்றில் புகழ்பெற்றது. 12 கேஜ், மூன்று அங்குலத் தோட்டா அறை, 32 அங்குலக் குழல் கொண்ட ஃபாக்ஸ் துப்பாக்கி அது. 1948 டிசம்பரில் ஆர்க்கன்சாவில் வேட்டை முடிந்து திரும்பும்போது காரின் மட்கார்டு மேல் வைத்த துப்பாக்கியை மறந்து வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அது வெளிப்பட்டு, 2010-இல் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இதற்கிடையே வாத்துகள் செத்துக்கொண்டிருந்தன. நான்காம் எண் ஈய ரவை ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 135 இருக்கும். ஒன்றேகால் அவுன்ஸ் தோட்டாவில் 169. அடிபட்ட பறவையில் தங்குபவை சில. மற்றவை எல்லாம் சேற்றில் விழும். வாத்து தீனியை அரைப்பதற்காக வயிற்றின் தசைப்பையில் சிறு கற்களை விழுங்கி வைத்துக்கொள்ளும். ரவையையும் கல் என்று எண்ணி விழுங்கும். அங்கே அரைபட்டுக் கரையும் ஈயம் இரத்தத்தில் கலக்கும். பறக்க முடியாமல், தின்ன முடியாமல், வாரக்கணக்கில் மெலிந்து சாகும். ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1894-இலேயே இதை எழுதினார். 1919-இல் அலெக்சாண்டர் வெட்மோர் ஆய்வறிக்கை வெளியிட்டார். 1959-இல் இல்லினாயைச் சேர்ந்த ஃபிராங்க் பெல்ரோஸ், ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு இப்படி அழிவதாக மதிப்பிட்டார். கிரின்னல் எழுதியதற்கும் தடைக்கும் இடையே 97 ஆண்டுகள். அறியாமையால் நேர்ந்த தாமதம் என்று இதைச் சொல்ல முடியாது.

ஈயத்துக்கு மாற்றாக முதலில் வந்தது எஃகு ரவை. உண்மையில் அது மென்மையான இரும்பு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம், இரும்பினுடையது 7.8. எனவே அதே தாக்கம் பெற இரண்டு எண் பெரிய ரவை வேண்டும். ஈயத்தில் நான்காம் எண் என்றால் எஃகில் இரண்டாம் எண். வேகமும் கூட்ட வேண்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் கடினம். பழைய வாத்துத் துப்பாக்கிகளின் குழல் முனை, ரவை நெருக்கமாகச் செல்லும்படி குறுக்கப்பட்டிருக்கும். ஈய ரவை அங்கே நசுங்கி வழிவிடும். எஃகு நசுங்காது. மெல்லிய குழலின் முனை வளையம் போலப் புடைத்துவிடும், உட்புறம் கீறல் விழும். பிளாஸ்டிக் கிண்ணம் கீறலைத் தடுக்கலாம், புடைப்பைத் தடுக்காது.

1990-களில் பிஸ்மத் ரவை அனுமதி பெற்றபோதுதான் பழைய துப்பாக்கிகளுக்கு வழி பிறந்தது. அதன் அடர்த்தி 9.6 அளவில் இருக்கும், ஈயத்தைப் போல மென்மையானது. தனி பிஸ்மத் எளிதில் உடையும் என்பதால் சிறிது வெள்ளீயம் சேர்க்கிறார்கள். டங்ஸ்டன் தூளைப் பாலிமரில் பிணைத்த ரவையும் பின்னர் வந்தது. இரண்டும் எஃகைவிடப் பலமடங்கு விலை.

ரவை மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. பழைய பிரிட்டிஷ் 12 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70. இந்த நீளம் சுட்ட பின் விரிந்த நிலையில் அளப்பது. சுடாத தோட்டா மடிப்புடன் குட்டையாக இருப்பதால் பழைய அறையில் தடையின்றி நுழைந்துவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சுடும்போது விரியும் வாய், குழல் குறுகும் இடத்தை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். ஆகவே அறையின் நீளம், குழல் சுவரின் கனம், முனைக் குறுக்கம் மூன்றையும் துப்பாக்கிக் கம்மியர் அளந்து சொன்ன பிறகே தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஃகுக் குழலுக்கு, அறைக்குப் பொருந்தும் நீளத்தில், குறைந்த அழுத்தமும் ஓர் அவுன்ஸ் அளவு பிஸ்மத் ரவையும் கொண்ட தோட்டா ஏற்றது. டமாஸ்கஸ் குழலில் நவீனத் தோட்டாக்களைச் சுடவே கூடாது என்பது அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பின் எச்சரிக்கை.

பிஸ்மத் வந்ததும் காவலர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. அதுவரை தோட்டாவில் இருப்பது ஈயமா எஃகா என்று ஒரு காந்தத்தை வைத்தே கண்டுபிடித்து வந்தார்கள். ஈயத்தைப் போலவே பிஸ்மத்தும் காந்தத்தில் ஒட்டாது. தோட்டாவைப் பிரிக்காமல் களத்திலேயே சோதிக்கத் தனிக் கருவி தேவைப்பட்டது.