சுதந்திரமும் ஒரு கருக்கரிவாளும்

கும்பகோணத்துப் பெரிய கடைத்தெருவிலும் தஞ்சைக் கீழவாசலிலும் இரும்புக்கடை வாசல்களில் நின்று வேடிக்கை பார்ப்பது என் சிறுவயதுப் பழக்கங்களுள் ஒன்று. மண்வெட்டித் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கருக்கரிவாள்கள் கட்டுக் கட்டாகத் தொங்கும். வாங்க வந்தவர் எடுத்தவுடன் விலை கேட்கமாட்டார். தகட்டை விரல் கணுவால் தட்டி ஓசை கேட்பார். விரிசல் இருந்தால் ஓசை மழுங்கும். அரிவாளின் பற்களைக் கட்டைவிரலால் வருடுவார். இல்லாத கதிரை ஒருமுறை காற்றில் அறுத்துப் பார்ப்பார். பேரம் அதன் பிறகே. தகடு மட்டும்தான் கடையில் கிடைக்கும். பிடி போடத் தச்சரிடம் போகவேண்டும்.

இன்று கருவிகள் இணையத்தின் வழி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. படத்தைத் தட்டி ஓசை கேட்க முடியாதே என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஏக்கத்தைச் சற்று வரலாற்றோடு வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில் உழைப்பவர் தம் கருவியைக் காசு கொடுத்துக் கடையில் வாங்குவது காவிரிப் படுகையில் அத்தனை பழைய வழக்கமன்று.

முதலாம் இராசராசன் (985-1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களின் விவரங்கள் அக்கோயிலின் கல்வெட்டுகளில் உள்ளன. அவற்றுள் சில ஊர்களில் வரி நீங்கிய நிலங்களாக ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் குறிக்கப்படுகிறது. கம்மாணச்சேரி என்பது கம்மாளர் குடியிருப்பு. நெல் விளையும் ஊருக்குக் குளமும் வாய்க்காலும் எவ்வளவு இன்றியமையாதவையோ, கொல்லரின் உலைக்களமும் அவ்வளவு இன்றியமையாததாக இருந்தது.

அந்தக் கொல்லருக்குக் கூலி நெல்லாகவே கிடைத்தது. ஆண்டு முழுதும் கொழு அடித்து, அரிவாளுக்குப் பல் வெட்டிக் கொடுத்தவர், அறுவடையின்போது களத்துமேட்டில் தம் பங்கைப் பெற்றுக்கொள்வார். தச்சர், நாவிதர், வண்ணார், வெட்டியார் அனைவருக்கும் அவ்வாறே. இந்தப் பங்குக்குத் தஞ்சைப் பகுதியில் வழங்கிய பெயர் 'சுதந்திரம்'. பரம்பரை உரிமை என்ற பொருளில் வழங்கிய சொல் அது. யாருக்கு எத்தனை மரக்கால் என்பதை வழக்கமும் சாதியும் தீர்மானித்தன. கொல்லருக்கு ஊர் நிச்சயம். ஊருக்குக் கொல்லர் நிச்சயம். ஆனால் இருவருக்குமே வேறிடம் தேடும் வழி குறைவு. விடுதலையைக் குறிக்க நாம் இன்று வழங்கும் சொல், அன்று ஒரு பிணைப்பின் பெயராக இருந்தது.

1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு இருப்புப்பாதை வந்தது. ஆலையில் செய்த இரும்புச் சாமான்கள் உள்நாட்டுக் கடைத்தெருக்களை எட்டுவது எளிதாயிற்று. நம் மண்வெட்டி 'மம்மட்டி'யாக ஆங்கிலத்திலும் நுழைந்துவிட்டிருந்தது. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அச்சொல் இடம்பெற்றிருக்கிறது.

கடை வந்தாலும் எல்லார் கையிலும் காசு வரவில்லை. பண்ணையாளின் கூலி பெரும்பாலும் நெல்தான். 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னர் பண்ணையாள் முறை தளர்ந்து தினக்கூலி பெருகியது. கூலி கேட்பது எளிதாகிவிடவில்லை. கூலிப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்த மண்ணில் ஒரு விவசாயத் தொழிலாளி தம் கூலிக் காசில் தாமே தேர்ந்து ஓர் அரிவாள் வாங்குவது சின்ன விஷயமன்று.

எங்கள் ஊரில் அறுவடைக்கு வரும் ஒரு பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். அவர் இடக்கைக்காரர். கருக்கரிவாளின் பல் ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டப்படுவது; வலக்கைக்கு ஏற்றது இடக்கையில் சரிவர அறுக்காது. கடையில் பத்து அரிவாள்களை எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் வேண்டாமென்று நேரே கொல்லுப்பட்டறைக்குப் போனார். அவருடைய கையை வாங்கிப் பார்த்த கொல்லர், மறுபக்கமாகப் பல் வெட்டிக் கொடுத்தார். "பத்து வருசமா அடுத்தவங்க அருவாள்ல அறுத்தேன், தம்பி. இதுதான் என் அருவா" என்று அவர் சொன்னது நினைவில் இருக்கிறது.

பிறகு அறுவடை இயந்திரங்கள் வந்தன. சம்பா அறுவடைக்கு ஆள் தேடும் நிலை மாறியது. அரிவாளுக்குப் பல் வெட்டும் வேலையும் அதோடு சுருங்கியது. பட்டறைத் துருத்திகள் ஓய்ந்ததற்கு இணையக் கடைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவை வருமுன்பே எங்கள் ஊர் உலை அணைந்துவிட்டது.

களத்து நெல்லுக்கும் இணையக் கடைக்கும் இடையே, கையில் காசோடு கடை வாசலில் நின்று இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல முடிந்த காலம் ஒன்றிரண்டு தலைமுறைதான் நீடித்தது. நான் ஏங்குவது அந்தக் காலத்துக்காகத்தான். அதற்கு முந்தைய 'சுதந்திர'த்துக்காக அன்று. பெரியம்மாவும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.