ஜூரோங் சதுப்பு நிலம் முதல் வீவக வீடு வரை: தொழில்மயம் நம் வாழ்க்கையை எப்படி மாத்துச்சு?

உங்கள் பாட்டி 'கம்பெனி பஸ்' ஏறி வேலைக்குப் போன கதையைச் சொல்லியிருக்கிறாரா? ஷிஃப்ட், ஓவர்டைம், போனஸ்... வீட்டில் தமிழில் பேசும்போதும் இந்தச் சொற்கள் அப்படியே வந்துவிடும், கவனித்திருப்பீர்கள்.

'தொழில்மயம்' என்றதும் பாடப்புத்தகத்தில் படித்த இங்கிலாந்தின் நீராவி இயந்திரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே அந்த மாற்றத்துக்குப் பல தலைமுறைகள் பிடித்தன. சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் நடந்தது. அதனால்தான் அதைப் பார்த்தவர்கள் இன்னமும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க?

1950களில் சிங்கப்பூர் பெரும்பாலும் துறைமுகத்தை நம்பி இருந்தது. மலாயாவின் ரப்பரும் ஈயமும் இங்கு வந்து, பிறகு கப்பலேறி வெளிநாடுகளுக்குச் சென்றன. சிங்கப்பூர் ஆற்றோரம் படகுகளிலிருந்து மூட்டை இறக்குவது பலருக்குப் பிழைப்பு. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை.

தமிழர்கள் பலர் துறைமுகத்திலும் நகராண்மைப் பணிகளிலும் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும் வேலை செய்தார்கள். மக்கள்தொகை வேகமாகக் கூடியது. பள்ளி முடித்து வரும் இளையர்கள் அத்தனை பேருக்கும் வேலை தர, துறைமுகம் மட்டும் போதவில்லை.

ஏன் ஜூரோங்?

1960ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குழு ஒன்று சிங்கப்பூர் வந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நெதர்லந்தைச் சேர்ந்த டாக்டர் ஆல்பர்ட் வின்செமியஸ். தொழிற்சாலைகளைக் கொண்டுவாருங்கள் என்பது அவர் தந்த ஆலோசனை. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது.

அப்போதைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ, தீவின் மேற்கில் ஜூரோங்கில் தொழிற்பேட்டை அமைக்க முனைந்தார். அங்கே சதுப்பு நிலமும் இறால் குளங்களும் கம்பத்து வீடுகளும்தான் இருந்தன. குன்றுகளை வெட்டி அந்த மண்ணைக் கொட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு 1962இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால், முதலீட்டாளர்கள் வரிசை கட்டி வந்துவிடவில்லை. பல மனைகள் காலியாகவே கிடந்தன. 'கோவின் முட்டாள்தனம்' என்று சிலர் கேலி பேசினார்கள்.

அடுத்தடுத்து இரண்டு அடி. 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்ததும் பொதுச் சந்தை என்ற நம்பிக்கை போனது. 1968இல், தன் படைகளை மீட்டுக்கொள்வதைத் துரிதப்படுத்தப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. அந்தத் தளங்களின் பங்கு மட்டும் பொருளியலில் சுமார் ஐந்தில் ஒன்று! செம்பவாங்கில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

உள்ளூரில் விற்பதைவிட உலகத்துக்குச் செய்து அனுப்புவதுதான் வழி என்றானது. ஜூரோங்கைக் கவனிக்க 1968இல் ஜேடிசி உருவானது. கடற்படையின் கப்பல் பட்டறை, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது.

வேலை எப்படி மாறுச்சு?

முதலில் நேரம் மாறியது. 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் வாரத்துக்கு 44 மணிநேரம் என்று வகுத்தது. அப்போது தொழிலாளர் அமைச்சுப் பொறுப்பையும் கவனித்துவந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த திரு எஸ். ராஜரத்தினம்.

அதே சட்டம் போனஸ், விடுப்பு, ஓவர்டைம் ஆகியவற்றுக்கு வரம்பும் வைத்தது. வேலைக்கு எடுப்பது, நீக்குவது, இடம் மாற்றுவது போன்றவற்றில் தொழிற்சங்கங்கள் பேரம் பேச முடியாதபடி இன்னொரு சட்டமும் அதே ஆண்டு திருத்தப்பட்டது. முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. ஊழியர்கள் விட்டுக்கொடுத்ததும் நிறைய.

அடுத்தது, வேலைக்குப் போனவர்கள் யார் என்பது. மின்னணுத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியைப் பார்த்தபடி மெல்லிய கம்பிகளை இணைத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1970இல் வேலைக்குப் போன பெண்கள் பத்தில் மூன்று பேர் அளவில்தான். 1980இல் அது பத்தில் நான்கைத் தாண்டியது. கையில் சொந்தச் சம்பளம் வந்ததும், எப்போது திருமணம், எத்தனை பிள்ளை என்பதில் பெண்களின் குரலும் எடுபடத் தொடங்கியது.

நகரம் எப்படி மாறுச்சு?

இங்கேதான் கதை நம் வீட்டுக்குள் வருகிறது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது பொது வீடுகளில் வசித்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1985க்குள் அது பத்தில் எட்டுப் பேரானது.

இதை வேகப்படுத்தியது 1968இல் வந்த ஒரு மாற்றம். மத்திய சேமநிதிப் பணத்தை வீவக வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கிடைத்தது. கணக்கு எளிது: மாதச் சம்பளம் இருந்தால் சேமநிதி சேரும், சேமநிதி இருந்தால் வீடு கிடைக்கும். வீடு வாங்கிய பிறகு, கடன் கட்ட வேலை வேண்டும். ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை இருந்தால் பெண்கள் சுலபமாக வருவார்கள் என்று தோ பாயோ போன்ற நகர்களுக்குள்ளேயே தொழிற்சாலைகளும் வந்தன. ஜூரோங்கோ தூரம். வேலை செய்ய வந்தவர்கள் அங்கேயே தங்க மனமில்லாமல் இருந்தார்கள். தமான் ஜூரோங் வீடுகள், 1971இல் ஜூரோங் பறவைப் பூங்கா, பிறகு ஜப்பானியத் தோட்டம், சீனத் தோட்டம் எல்லாம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்பத்தில் கோழி வளர்த்து, வாசலில் கதை பேசி இருந்தவர்களுக்கு அடுக்குமாடியில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடைத்தன. அண்டை வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு புளோக்கில் பிரிந்துபோனார்கள்.

நம்ம தமிழுக்கு என்ன ஆச்சு?

தொழிற்சாலைகளை நடத்தியவை பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்கள். பதவி உயர்வுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று தெரிந்ததும், பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். தமிழ்வழிப் பள்ளிகள் மெல்ல மெல்ல ஆளில்லாமல் போயின. தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக இருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதற்குத் தொழில்மயம் மட்டுமே காரணமில்லை என்றாலும், முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் கணிதத்தை ஆங்கிலத்திலும் தமிழை ஒரு பாடமாகவும் படித்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இப்போ நிலைமை என்ன?

தொழிற்சாலைகள் வந்ததுபோலவே போகவும் செய்யும். ஜெர்மனியின் ரோலை கேமரா நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் இங்கு வந்தது, 1981இல் மூடியது. குறைந்த சம்பள வேலைகள் அண்டை நாடுகளுக்கு நகர்ந்தன. மறுபடி படிக்க வேண்டிய நிலை வந்தவர்களுக்காக 1983இல் 'பெஸ்ட்' என்ற திட்டம் அடிப்படை ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தது. இன்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பற்றிக் கேட்கும்போது, அது புதிய கதை இல்லை என்பது புரியும்.

உற்பத்தித் துறை இன்னமும் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் கப்பல் பட்டறைகளில் இன்று உழைப்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள். வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மத்திய சேமநிதி கிடையாது. நம் தாத்தா பாட்டியின் சம்பளம் இங்கே வீடாக மாறியது. இவர்களின் சம்பளம் ஊருக்குப் போகிறது, இவர்கள் தங்குவது தங்குவிடுதியில். எம்ஆர்டியில் பக்கத்தில் நின்று நம் மொழியிலேயே பேசிக்கொண்டு வருபவர்களின் கதையும் இதே கதையின் ஒரு பகுதிதான்.

வீட்டில் கேட்டுப் பாருங்க

அடுத்த முறை தாத்தா பாட்டியைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு? அதில் வீட்டுக்குக் கொடுத்தது போக மீதியை என்ன செய்தீர்கள்? கம்பத்திலிருந்து வீவக வீட்டுக்கு மாறிய முதல் ராத்திரி தூக்கம் வந்ததா?

முடிந்தால் பதிவு செய்து வையுங்கள். சட்டங்களும் தேதிகளும் ஆவணங்களில் இருக்கும். அந்த ராத்திரியைப் பற்றி அவர்கள்தான் சொல்ல முடியும்.