மாதக்கணக்கில் சும்மா கிடந்த படகு மோட்டார் ஸ்டார்ட் ஆகலையா? பழைய பெட்ரோல் காரணமா இருக்கலாம்!

2024 டிசம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. மூலையில் கிடக்கும் படகை இப்படியொரு நாளில்தான் வெளியே எடுப்போம். மோட்டார் முரண்டு பிடிக்கும்.

கயிறை இழுத்துக்கொண்டே இருக்காதீங்க. பாதுகாப்பு கிளிப், நியூட்ரல் கியர், டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூன்றையும் பாருங்க. பிறகு ஹோஸிலுள்ள ரப்பர் பல்பை இறுகும்வரை அழுத்துங்க.

அப்பவும் மசியலையா? பங்க் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் இரண்டும் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். மோட்டாருக்கு முதலில் போவதே அதுதான்! முழுசா வடித்துவிட்டுப் புது பெட்ரோல் ஊற்றுங்க. கார்புரேட்டர், பிளக்கையும் சுத்தம் பண்ணணும்.

தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அடிப்பகுதியை மூழ்கவைத்து ஓட்டுங்க. பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சினால் படகில் மாட்டலாம்.